கைப்பிலைச் சாறும் நீரிழிவுக் குளிசையும்

ஜனவரி மாதத்துக் காலை. வெளியே எலும்பைக் குத்துகிற குளிர். லண்டனில் நான் வேலை செய்யும் பாமசிக்குள் வந்த அந்த அம்மாவின் நெற்றியில் மட்டும் வியர்வை முத்து முத்தாக நின்றது. மாதாந்தக் குளிசைகளை வாங்க வந்தவர், பையைத் திறக்க முடியாமல் கை நடுங்க நின்றார். நாற்காலியில் இருத்தி, விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தேன். 2.9. இங்கே அளவு லீட்டருக்கு மில்லிமோல் கணக்கில். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்கு 4-க்குக் கீழே இறங்கவே கூடாது என்பது பால பாடம். பழச்சாறு கொடுத்தேன். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது 4.8-க்கு ஏறியிருந்தது. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டாராம். குளிசையை இரண்டு தடவை போட்டுவிட்டீர்களா? இல்லை. வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா? இல்லை, மகளே, இல்லை. மூன்று பதிலும் உண்மையாகவே இருந்தன. நான்தான் கேள்வியைப் பிழையாகக் கேட்டிருந்தேன். போகும்போது அவராகவே சொன்னார்: "காலையில் கொஞ்சம் எவுரோத் தண்ணீர் குடிக்கிறேன். அது மருந்தில்லை, இலைதானே."

எவுரோ என்பது நைஜீரியாவின் யொருபா மொழியில் கைப்பிலைக்குப் (ஆங்கிலத்தில் பிற்றர் லீஃப்) பெயர். இக்போ மக்கள் ஒனுக்பு என்பார்கள். நைஜீரியச் சமையலில் அது கீரை. பல தடவை அலசிக் கைப்பைப் போக்கிச் சூப்பில் போடுவார்கள். மருந்தாக எடுக்கும்போது அலசுவதில்லை. பச்சை இலையைத் தண்ணீரில் போட்டு இரண்டு கையாலும் பிசைந்து பிழிவார்கள். சவர்க்காரம் போல நுரை எழும்பும். நுரையை ஒதுக்கிவிட்டு, கடும் பச்சையாக இருக்கிற அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிடுவார்கள். ஒரு நாள் அவர் ஒரு போத்தலில் கொண்டுவந்து எனக்கும் ஒரு மிடறு தந்தார். வேப்பிலையை அரைத்துக் குடித்த நாள் ஞாபகம் வந்தது.

அவர் எடுத்துக்கொண்டிருந்த குளிசை கிளிக்ளசைட். அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்கிற மருந்து. இரத்தத்தில் சர்க்கரை ஏற்கெனவே குறைந்திருந்தாலும் அது சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். கைப்பிலைச் சாறு சர்க்கரையைக் குறைப்பதை எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டும் ஒரே திசையில் இழுத்தால் மனிதர் கீழேதான் போவார். கணையத்தைத் தூண்டாத மெற்போமின் குளிசையை மட்டும் எடுத்திருந்தால் இந்த அளவுக்கு இறங்கியிருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே நீரிழிவுக்காரர் ஒருவர் இலைச்சாறு குடிக்கிறார் என்றால் நான் முதலில் பார்ப்பது, அவர் எடுப்பது எந்தக் குளிசை என்பதை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. காரணம் என் அம்மா. மூன்று வருடத்துக்கு முன் இதே கிளிக்ளசைட்டோடு பாகற்காய்ச் சாறும் குடித்து, சமையலறையில் தலை சுற்றி விழுந்தவர் அவர். பாமசிக்காரியான மகளிடம் அதைச் சொல்லாமல் மறைத்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "சொன்னால் நீ ஏசுவாய்" என்றார். அந்த ஒரு வசனத்தில்தான் இந்த விஷயம் முழுவதும் இருக்கிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

நான் வேலை செய்வது தென் லண்டனின் பெக்கம் பகுதியில். ரை லேன் தெருவில் நடந்தால் யாம் கிழங்கும் பச்சை வாழைக்காயும் புகைபோட்ட மீனும் கடைவாசல்களில் குவிந்திருக்கும். நைஜீரியர் அதிகம் வாழ்வதால் 'சின்ன லாகோஸ்' என்று பெயர். கானா, சியரா லியோன், கம்பியா, கொங்கோ நாட்டவர்களும் இருக்கிறார்கள். தைலங்களுக்கும் சவர்க்காரங்களுக்கும் நடுவே, எங்கள் பாமசியில் கிடைக்காத இன்னொரு மருந்தகமே அந்தக் கடைகளில் இருக்கிறது. கைப்பான கோலாக் கொட்டை, அத்தாரே என்கிற மிளகு போன்ற விதை, கானாக்காரர் சூப்பில் போடும் பிரெகெசே நெற்று, கம்பியாவிலிருந்து வரும் கின்கெலிபா இலை, காய்ந்த செம்பருத்திப் புளிச்சைப் பூ. அந்தப் பூவை ஊறவைத்த சிவப்புப் பானத்தை நைஜீரியர் சோபோ என்றும், கானாக்காரர் சோபோலோ என்றும், செனகல்காரர் பிசாப் என்றும் சொல்வார்கள். எஃபிரின் என்கிற வாசனை இலையை முகர்ந்தால் நமக்கு உடனே துளசி தெரியும். அது துளசியின் இனம்தான்.

எனக்குக் கதவைத் திறந்துவிட்டது வேம்பு. வட நைஜீரியாவில் பேசும் ஹவுசா மொழியில் வேம்புக்கு டோகோன் யாரோ என்று பெயர். உயரமான பையன் என்று பொருள். காய்ச்சல் வந்தால் அதன் இலையை அவித்து ஆவி பிடிப்பதும் குடிப்பதும் அங்கே வீட்டுக்கு வீடு நடக்கிறது. மேற்கு ஆபிரிக்காவுக்கு வேம்பு போனது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நம் பக்கத்திலிருந்துதான். முருங்கையும் அப்படியே போய்ச் சேர்ந்ததுதான். அங்கே அதற்குப் பெயர் சோகாலே. "இது எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற மரம், அம்மம்மா அம்மை வந்தவருக்கு இதன் கொப்பைத்தான் வாசலில் செருகுவார்" என்று நான் சொன்னதும், எதிரே நின்றவர்களின் முகம் மாறிய விதத்தை மறக்க முடியாது. அதுவரை 'ஒன்றும் எடுப்பதில்லை' என்றவர்கள், பையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்கள்.

அதன் பிறகு 'வேறு மருந்து எடுக்கிறீர்களா' என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். "காய்ச்சலுக்கு வீட்டில் என்ன அவிப்பீர்கள்? அக்போ குடிப்பதுண்டா? ஊரிலிருந்து யாராவது ஏதாவது கொண்டுவந்தார்களா?" என்று கேட்கிறேன். அக்போ என்பது வேர், பட்டை, இலை எல்லாம் சேர்த்து அவித்த யொருபாக் குடிநீர். நம்மவர் மல்லிக் குடிநீரை மருந்துப் பட்டியலில் சேர்ப்பதில்லையே, அதே மாதிரித்தான் இவர்களும். பெயரைச் சொல்லிக் கேட்டால் பதில் வருகிறது. முகத்தில் ஒரு சின்னச் சுழிப்புத் தெரிந்தாலும் போத்தல் மறுபடி பைக்குள் போய்விடும். ஒரு மருத்துவமனையில், மூலிகை என்றதும் இளம் வைத்தியர் ஒருவர் சிரித்ததாக எங்களிடம் வரும் ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு எட்டு வருடம் எந்த வைத்தியரிடமும் அவர் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. அந்தச் சிரிப்பின் விலையை யார் கணக்குப் பார்ப்பது?

இது படிக்காதவர்களின் பழக்கம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கானாவின் மாம்பொங் நகரில் மருத்துவர் ஒகு அம்போபோ தொடங்கிய மூலிகை ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இயங்குகிறது. குமாசிப் பல்கலைக்கழகத்தில் மூலிகை மருத்துவம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. எங்களிடம் அக்போ பற்றிப் பேசுகிறவர்களில் கணக்காளர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், இங்கேயே தாதியாக வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு மருத்துவத்தையும் நம்புகிறார்கள். ஒன்றைப்பற்றி மற்றதிடம் பேச முடியாமல் போவதுதான் ஆபத்தாகிறது.

ஆபத்தில் பெரியது காய்ச்சல். இதை மட்டும் சற்று நீளமாகச் சொல்லிவிடுகிறேன்.

கானாவின் தலைநகர் அக்ரா போய்த் திரும்பிய ஒரு மனிதர், ஐம்பது வயதுக்காரர், பரசிற்றமோல் வாங்க வந்தார். கண் மஞ்சள் பூத்திருந்தது. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்றேன். நான்கு நாள். என்ன எடுத்தீர்கள்? நிபிமா. கானாவில் மலேரியாவுக்குக் கொடுக்கிற மஞ்சள் வேர் அது. அந்த வேரில் கிரிப்டோலெபின் என்கிற பொருள் உண்டு. மலேரியாக் கிருமியைத் தாக்கும் தன்மை அதற்கு உண்மையிலேயே இருக்கிறது. இன்று உலகம் முழுவதும் மலேரியாவுக்குக் கொடுக்கும் ஆர்டெமிசினினும் ஒரு சீன மூலிகையிலிருந்து வந்ததுதான். அதற்காகத்தான் சீன விஞ்ஞானி தூ யூயூவுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தச் செடியையே தேநீராகக் காய்ச்சிக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. ஒரு கோப்பைக்குள் எவ்வளவு மருந்து இறங்குகிறது என்று அளக்க வழியில்லை. குறைந்த அளவு போனால் காய்ச்சல் தணிந்தது போலக் காட்டிக் கிருமி உள்ளேயே பெருகும். அந்த மனிதருக்கு நடந்தது அதுதான். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் வேர் வேலை செய்கிறது என்று நம்பி இருந்துவிட்டார்.

நான் அவரைத் தனியாக அனுப்பவில்லை. டாக்சி பிடித்து, 'கானாவிலிருந்து 11 நாள் முன் திரும்பியவர், நான்கு நாள் காய்ச்சல், கண் மஞ்சள், நிபிமா குடித்திருக்கிறார்' என்று தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினேன். அவசரப் பிரிவில் அந்தத் தாள் வரிசையைத் தாண்ட உதவியது என்று பிறகு சொன்னார். மலேரியாவில் மிக ஆபத்தான பல்சிபாரம் வகை. ஆறு நாள் வார்ட்டில் இருந்தார்.

"நான் மலேரியாவோடு வளர்ந்தவன், அது என்னை ஒன்றும் செய்யாது" என்று அவர் சொல்லியிருந்தார். இப்படிச் சொல்லாத ஆள் இல்லை. சிறு வயதில் திரும்பத் திரும்ப வந்து கிடைத்த எதிர்ப்பு, மலேரியா இல்லாத ஊரில் சில வருடம் இருந்தால் தேய்ந்துவிடும். பிரித்தானியாவில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா கண்டுபிடிக்கப்படுகிறது. அவர்களில் பெரும் பங்கு, உறவினரைப் பார்க்க மேற்கு ஆபிரிக்கா போய் வந்தவர்கள். ஊர் போகும்போது தடுப்புக் குளிசை எடுங்கள். திரும்பி வந்த ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முதல் சோதனையில் இல்லையென்று வந்தாலும் காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடி கேட்டுச் செய்யுங்கள். எந்தக் குடிநீர் குடித்தாலும் குடியுங்கள், ஆனால் அதற்காக ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். வீசா இல்லாதவர்கள் ஆஸ்பத்திரியென்றால் பயப்படுகிறார்கள். பெரிய தொகைக்குப் பில் வரும், குடிவரவுத் துறைக்குத் தகவல் போகும் என்று. அந்தப் பயம் முழுவதும் கற்பனையும் அல்ல. ஆனால் அவசரப் பிரிவில் பார்ப்பதற்கு யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. மலேரியா, காசநோய், எச்.ஐ.வி. போன்ற தொற்றுகளுக்குச் சிகிச்சை வீசா எதுவாக இருந்தாலும் இலவசம். குடும்ப வைத்தியரிடம் பதிவதற்கும் வீசா காட்டத் தேவையில்லை. இதை ஒரு தாளில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சடித்துக் கவுன்ரரில் வைத்திருக்கிறேன். அந்தத் தாள்தான் எங்கள் கடையில் வேகமாகத் தீர்ந்துபோகிற பொருள். வீசா உள்ளவர்களுக்கும் மருந்துத் துண்டில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண் பெரிய தொகை. நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவருக்கு எல்லா மருந்தும் இலவசம். அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். படிவம் தெரியாமல் பணம் கட்டிக் கட்டிக் களைத்து, பாதி மாதம் குளிசைக்குப் பதிலாக இலையிலேயே ஓட்டியவர்களைக் கண்டிருக்கிறேன்.

எல்லா இலையும் ஒரே பக்கம் இழுப்பதில்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் வோபரின் எடுக்கும் ஒரு முதியவருக்கு, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண் திடீரென்று மாறியது. வழக்கமாக 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்கிறது 1.5-க்கு இறங்கிவிட்டது. இரத்தம் தடித்துக் கட்டிபடும் ஆபத்து. இரத்தம் ஊறுவதற்காக மகள் தினமும் உகு இலையை அடித்துச் சாறு கொடுத்திருந்தாள். உகு பூசணி இனத்துக் கீரை. கரும்பச்சைக் கீரை எல்லாவற்றிலும் வைட்டமின் கே நிறைய இருக்கிறது. அது வோபரினுக்கு நேர் எதிரி. நிறுத்தச் சொல்லி நான் சொல்லவில்லை. குளிசையின் அளவைக் கூட்டிய பிறகு திடீரென்று நிறுத்தினால் எண் மறுபக்கம் ஏறி இரத்தக் கசிவு வரலாம். ஒவ்வொரு வாரமும் ஒரே அளவு குடியுங்கள், இரத்தம் பார்க்கும் கிளினிக்கில் அந்த அளவைச் சொல்லுங்கள், அவர்கள் குளிசையைச் சரிசெய்வார்கள் என்றேன். மகள் கண் கலங்கிவிட்டாள், தான் அப்பாவுக்குத் தீங்கு செய்துவிட்டேன் என்று. தங்கமான பிள்ளை. அவளிடம் யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை, அவ்வளவுதான் நடந்தது.

சில பொருள்களில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்று இன்சு. கலபாஷ் சுண்ணம் என்றும் சொல்வார்கள். சாம்பல் நிறக் களிமண் கட்டி. முட்டை போல உருட்டியும் விற்பார்கள். கர்ப்பிணிகள் குமட்டலுக்கு அதைக் கடித்துச் சாப்பிடுகிறார்கள். மண் வாசனையில் வாய் ஊறுவது நம் கர்ப்பிணிகளுக்கும் தெரிந்ததே; அடுப்புச் சாம்பலும் செங்கல் துண்டும் தின்ற கதை எந்த வீட்டில் இல்லை? ஆனால் இந்தக் கட்டியில் ஈயமும் ஆர்செனிக்கும் இருப்பதாகப் பிரித்தானிய உணவுத் தர முகமை எச்சரித்திருக்கிறது. ஈயம் வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குப் போகும். ஒரு பெண் கேட்டால் நான் சொல்வது: இதை இன்றே விடுங்கள், உங்கள் மருத்துவச்சியிடம் சொல்லி ஈயத்துக்கும் இரும்புச்சத்துக்கும் இரத்தம் பாருங்கள். மண் தின்னத் தோன்றுவது பல வேளைகளில் இரும்பு குறைந்ததற்கு அறிகுறி.

இன்னொன்று பெயரில்லாப் போத்தல். 'பிற்றர்ஸ்' என்று வரும் மதுவில் ஊறிய கசப்பு மருந்துகளும், ஆண்மைக்கு என்று இரகசியமாக விற்கும் பொடிகளும். மூலிகை என்று விற்கும் ஆண்மை மருந்துகளில் வயாகராவில் இருக்கிற சில்டெனபில் கலந்திருப்பதை அதிகாரிகள் பல தடவை பிடித்திருக்கிறார்கள். நெஞ்சு வலிக்கு நைட்ரேட் எடுப்பவர் அதைக் குடித்தால் இரத்த அழுத்தம் ஒரேயடியாக விழுந்துவிடும். பெட்டியில் நைஜீரியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான நாஃப்டாக்கின் எண் இருப்பது ஒரு நல்ல அறிகுறிதான், ஆனால் மூலிகைப் பெட்டிகளில் பக்கத்திலேயே, சொல்லப்படும் பலனை அந்த நிறுவனம் மதிப்பிடவில்லை என்றும் அச்சிட்டிருக்கும். இங்கே விற்கப்படும் மூலிகை மருந்துக்கு பதிவுபெற்ற பாரம்பரிய மூலிகை என்பதைக் குறிக்கும் டி.எச்.ஆர். என்ற எழுத்துகளும் இலை முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பது, சொன்ன அளவில், சுத்தமாக இருக்கிறது என்பதற்கு அது சான்று. அறுவைச் சிகிச்சை இருந்தால் உள்ளி, இஞ்சி மாத்திரைகள் உட்பட எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். ஏதாவது குடித்து உடம்புக்கு ஒத்துவராமல் போனால் மருந்துகளின் பக்கவிளைவைத் தெரிவிக்கும் 'மஞ்சள் அட்டை' என்ற பிரித்தானிய அரசுத் திட்டத்தில் நீங்களே முறையிடலாம். மூலிகைக்கும் அது பொருந்தும். வைத்தியர் எழுத வேண்டுமென்றில்லை.

வாட்ஸ்அப் செய்திகள் பற்றியும் ஒரு சொல். 2014-இல் எபோலா பரவியபோது உப்புத் தண்ணீர் குடித்தால் தப்பலாம் என்று ஒரு செய்தி நைஜீரியா முழுவதும் ஓடியது. அளவுக்கு மீறிக் குடித்து இரண்டு பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் அப்போது அறிவித்தது. பாட்டி கைக்குக் கை கொடுத்த குடிநீரையும் நேற்று இரவு கைபேசியில் வந்த குடிநீரையும் நான் ஒன்றாகப் பார்ப்பதில்லை. முதலாவதில் அளவும் பத்தியமும் சேர்ந்தே வரும்.

எவுரோ அம்மாவிடம் திரும்பி வருகிறேன். அவரும் நானும் குடும்ப வைத்தியரிடம் பேசினோம். குளிசையின் அளவைக் குறைத்தார்கள். இலையை அவர் விடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். விடு என்றால் என்னிடம் சொல்வதைத்தான் விடுவார். ஆகவே ஒன்றே ஒன்று கேட்டேன்: எப்போதும் ஒரே கோப்பை, ஒரு பிடி இலைக்கு மேல் வேண்டாம், வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம், குடிக்கிற நாளில் சர்க்கரையை இரண்டு தடவை பாருங்கள், பார்த்ததை எழுதிவையுங்கள். பையில் எப்போதும் குளுக்கோஸ் வில்லை இருக்கட்டும் என்றும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். தேவாலயப் பாடல் புத்தகத்தைப் போலத் துணியில் சுற்றி ஒரு சிறு கொப்பியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நாளுக்கும் நேரே எண்கள். சில நாட்களுக்குப் பக்கத்தில் பச்சைப் பேனாவால் சின்னதாக ஓர் இலை வரைந்திருந்தது, நரம்புகளோடு. அவர் இலை குடித்த நாட்கள். 5.6, 6.1, 5.2. ஒரு புதன்கிழமை மட்டும் 3.8. அந்த நாளுக்குப் பக்கத்தில் இரண்டு இலை இருந்தன.

"அன்று மகளின் பிறந்தநாள், இரண்டு கோப்பை குடித்துவிட்டேன்," என்றார். நான் கேட்பதற்கு முன்பே அவராகச் சொன்னார்.